சட்டக் கல்வியின் நுழைவாயில்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் சட்ட நுழைவுத் தேர்வு பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். மாயூரத்தில் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக 1862ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயீல் அவர்கள், கம்பனை ஆய்ந்த தமிழறிஞராகவும் நாடறியப் பெற்றவர். ஆதலின் சட்டத்திற்கும் தமிழுக்கும் உள்ள உறவு புதியதன்று. ஆயினும் இக்கட்டுரை எழுந்ததற்கு உடனடிக் காரணம் வேறொன்று.

சில ஆண்டுகளுக்கு முன், எம் துறையில் பயின்ற மாணவி ஒருவர் தம் தம்பியை என்னிடம் அழைத்து வந்தார். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த நல்ல பிள்ளை. தந்தையார் தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் வேலை பார்ப்பவர். வழக்கறிஞராக வேண்டும் என்னும் வேட்கையால் நாலாயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தி, அகில இந்திய அளவில் நடைபெறும் சட்ட நுழைவுத் தேர்வை அவர் எழுதியிருந்தார். பாதி வினாக்களைத் தொடுவதற்கே நேரம் கிட்டவில்லை. கையிலிருந்த வழிகாட்டி நூல் கைவிடப்பட்ட பழைய முறைப்படி அமைந்தது என்பது தேர்வுக் கூடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அன்று நானும் அத்தேர்வைப் பற்றி யாதும் அறியேன். ஆறுதல் மட்டுமே கூறி அனுப்பினேன். பின்னர் வினாத்தாள்களைத் தேடிப் பெற்றுப் படித்தேன். படித்தறிந்தவற்றையே ஈண்டுத் தருகின்றேன்.

தேர்வின் வரலாறு

பெங்களூரில் இந்தியத் தேசியச் சட்டப் பள்ளி தோன்றி, 1988இல் முதல் அணி மாணவர்களைச் சேர்த்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் நேரே சேர்ந்து பயிலும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பை நிலைபெறச் செய்தவர் அதன் முதல் இயக்குநர் பேராசிரியர் மாதவ மேனன். அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஐதராபாத், கொல்கத்தா, போபால், சோத்பூர் முதலிய நகரங்களிலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்தியது. ஒரே மாணவர் பல ஊர்களுக்கு அலைந்து பல தேர்வுகள் எழுதவேண்டிய நிலை. இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. அதன் பயனாக ஏழு பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி 2008இல் ‘கிளாட்’ என்று சுருங்க வழங்கும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வை முதன்முறையாக நடத்தின. இன்று இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இத்தேர்வின் வழியே மாணவரைச் சேர்க்கின்றன. திருச்சிராப்பள்ளியில் 2013இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இவற்றுள் ஒன்று.

ஆண்டுதோறும் ஒவ்வொரு பல்கலைக்கழகம் மாறி மாறி இத்தேர்வை நடத்தியதால் குளறுபடிகள் மிகுந்தன. நிலையான அமைப்பொன்று வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றத்தை நாடியவர், கேரளத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர். 2017இல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. அதுவே இப்போது தேர்வை நடத்துகிறது. பேராசிரியர் பஷீர் 2019இல் மறைந்தார். அவர் ஆற்றிய மற்றொரு பணியைப் பின்னர்க் கூறுவேன்.

தேர்வின் இன்றைய அமைப்பு

2019 வரை இருநூறு வினாக்கள் இருந்தன. அவற்றுள் பல மனப்பாடத்தைச் சோதிப்பவை. 2020இல் முறை அடியோடு மாறியது. இப்போது எல்லாப் பகுதிகளும் ஒரு பத்தியைக் கொடுத்து, அதனடியாக வினாக்களைத் தொடுக்கும் முறையில் அமைந்துள்ளன. தொடக்கத்தில் 150ஆக இருந்த வினாக்கள், 2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்விலிருந்து 120ஆகக் குறைக்கப்பட்டன. நேரம் இரண்டு மணி. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். ஆங்கிலமும் தருக்க அறிவும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீதமும், சட்டச் சிந்தனையும் நாட்டு நடப்பும் நாலில் ஒரு பங்கு வீதமும், கணக்கு பத்தில் ஒரு பங்கும் இடம்பெறும். கணக்கு பத்தாம் வகுப்பு அளவினதே. விழுக்காடு, விகிதம், சராசரி, அட்டவணையைப் படித்தறிதல் ஆகியவற்றில் பழகினால் போதும். அதைக் கண்டு அஞ்சி ஒதுங்கும் கலைப்பிரிவு மாணவர்கள் வீணே பத்துப் பன்னிரண்டு மதிப்பெண்களை இழக்கின்றனர்.

ஆகவே 2020க்கு முற்பட்ட வழிகாட்டி நூல் எவரேனும் அன்போடு இனாமாகத் தந்தாலும் வாங்க வேண்டா. பழைய நூல்களில் வேறொரு குறையும் உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 2024 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களை மனனம் செய்த உழைப்பெல்லாம் பயனற்றதாகிவிடும்.

சட்டச் சிந்தனைப் பகுதி

சட்டம் படித்திராத பிள்ளைகள் சட்ட வினாவிற்கு எங்ஙனம் விடையளிப்பர் என்று பெற்றோர் மலைப்பதுண்டு. இப்பகுதிக்கு முன்னறிவு தேவையில்லை. விதி பத்தியிலேயே தரப்படும். அதனை நிகழ்ச்சியொன்றில் பொருத்திக் காட்டுவதே மாணவர் கடமை. ஓர் எடுத்துக்காட்டு காண்போம்.

கொல்கத்தாவில் உரிய வயது நிரம்பாத ஒருவர் தம் சொத்தை அடைமானம் வைத்துக் கடன் பெற்ற வழக்கில், அவ்வொப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. மோகிரி பீபி வழக்கு என்பது அதன் பெயர். இக்கருத்தைச் சுருக்கித் தரும் பத்தியொன்று இவ்வாறு அமைவதாகக் கொள்வோம்: ‘பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது. ஆயினும் அவர் வாழ்வதற்கு இன்றியமையாத பொருள்களை ஒருவர் வழங்கியிருந்தால், அவற்றிற்குரிய தொகையை அச்சிறாரின் சொத்திலிருந்து பெறலாம்.’

இனி நிகழ்ச்சி: பதினேழு வயது இளைஞன் ஒருவன் தனக்கு வயது பத்தொன்பது எனப் பொய் கூறி, எண்பதாயிரம் ரூபாய் மதிப்புள்ள மோட்டார் சைக்கிளைத் தவணை முறையில் வாங்குகிறான், பின்னர்த் தவணை கட்ட மறுக்கிறான். ஒப்பந்தப்படி மீதித் தொகையைக் கேட்டுக் கடைக்காரர் வெற்றி பெறுவாரா? நான்கு விடைகள். பெறுவார், அவன் பொய் கூறியதால் என்பது முதலாவது. பெறுவார், வண்டி இன்றியமையாப் பொருள் ஆதலால் என்பது இரண்டாவது. பெறமாட்டார், ஒப்பந்தமே செல்லாது ஆதலால் என்பது மூன்றாவது. பெறமாட்டார், வயதைச் சரிபார்க்கத் தவறியதால் என்பது நான்காவது.

இவ்வினாவை வகுப்பில் கொடுத்தபோது, பெரும்பாலோர் முதல் விடையையே தேர்ந்தனர். பொய்யன் தப்பிக்கலாகாது என்னும் அறவுணர்வு அவர்களை அவ்வாறு எழுதத் தூண்டியது. அவ்வுணர்வு போற்றத்தக்கதே. ஆனால் பத்தியில் பொய்யைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவதே சரியான விடை. நான்காவதன் முடிவு சரி, காரணம் பிழை. கடைக்காரர் வயதைச் சரிபார்த்தாரா இல்லையா என்பதைப் பத்தி பொருட்படுத்தவே இல்லை. உண்மைச் சட்டத்தில், பொய் கூறிப் பெற்ற பயனைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் ஆணையிட இடமுண்டு என்பது வேறு செய்தி. அதனை அறிந்த ஒருவர் அவ்வறிவைக் கொண்டு விடையளித்தாலும் மதிப்பெண்ணை இழப்பார். பத்தி சொன்னதை மட்டும் கொள்ளுதல் இத்தேர்வின் உயிர்நிலை எனலாம்.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இப்பயிற்சி புதிதன்று என்பதே என் கருத்து. உயிரீற்றுச் சொல்லின் முன் வல்லினம் மிகும் என்பர், பலாப்பழம் என்கிறோம். ஆனால் வினைத்தொகையில் மிகாது என்பர். ஆதலால் சுடுசோறு, ஊறுகாய் என்கிறோம். விதி எது, விலக்கு எது, நம்முன் உள்ள சொல் எதனுள் அடங்கும் என்று ஆராயும் மாணவர், மேற்கண்ட பத்தியில் ‘ஆயினும்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் விழிப்படைவார். நூற்பா, உரை, எடுத்துக்காட்டு, புறனடை என்று நாம் காலங்காலமாகக் கற்பிக்கும் முறைக்கும் சட்டம் பயிலும் முறைக்கும் உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது. உரையாசிரியர்களை ஊன்றிப் படித்த மாணவர் இப்பகுதியில் பின்தங்க வேண்டியதில்லை.

மொழித் தடை

ஆயினும் இங்குப் பெருந்தடை ஒன்றுண்டு. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது. மருத்துவ நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம். சட்ட நுழைவுத் தேர்வை எழுத இயலாது. இந்திய மொழிகளிலும் நடத்தவேண்டும் எனக் கோரித் தில்லி உயர் நீதிமன்றத்தில் 2023இல் வழக்கும் தொடரப்பட்டது. மக்கள் மொழியில் வழக்காட வேண்டியவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் அம்மக்கள் மொழிக்கு இடமில்லை என்பது முறையன்று என்றே கருதுகிறேன். எனினும் இத்தேர்வுக்கு அணியமாகும் மாணவர் அதுவரை காத்திருக்க இயலாது.

ஒரு பத்தி ஏறக்குறைய 450 சொற்கள் கொண்டது. அதற்கு ஐந்து வினாக்கள் எனின், கிடைப்பது ஐந்து நிமிடம். இரண்டரை நிமிடத்தில் பத்தியைப் படித்தால்தான் வினா ஒன்றுக்கு அரை நிமிடம் எஞ்சும். அதாவது நிமிடத்திற்கு 180 சொற்கள். தமிழ்வழி மாணவருக்கு இவ்வேகம் ஓரிரு மாதங்களில் வாராது. நாள்தோறும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு படித்து, அதன் கருத்தைத் தமிழில் நான்கு வரிகளில் எழுதிப் பார்க்கவேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கம் அந்நீதிமன்றத்தின் வலைத்தளத்திலேயே கிடைக்கிறது. மூலத்தையும் தமிழாக்கத்தையும் அருகருகே வைத்துப் படிப்பது மொழி, சட்டம், நாட்டு நடப்பு மூன்றுக்கும் ஒருசேரப் பயன்தரும். சொற்பட்டியலை உருப்போடுவதைவிட இது நன்று.

விடை தெரியாத வினாவைத் தொடாதே என்று பெரியோர் அறிவுரை கூறுவர். கணக்கிட்டுப் பார்த்தால் அது முழுதும் சரியன்று. நான்கு விடைகளுள் இரண்டு பொருந்தா என்று உறுதியாகத் தெரிந்து, எஞ்சிய இரண்டில் ஐயம் இருப்பின் துணிந்து குறிக்கலாம். அத்தகைய எட்டு வினாக்களில் நான்கு சரியாகி நான்கு தவறினாலும் நிகர வரவு மூன்று மதிப்பெண். ஒன்றுமே புரியாத வினாவில் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதால் சொல்லத்தக்க ஊதியம் இல்லை, நேரந்தான் வீண்.

காலமும் செலவும்

அண்மை ஆண்டுகளில் தேர்வு டிசம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் ஓராண்டு கழிந்துவிடும். பதினோராம் வகுப்பிலேயே தொடங்குவது நலம். பன்னிரண்டாம் வகுப்பில் 45 விழுக்காடும், பட்டியல் இனத்தார், பழங்குடியினர் எனின் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். வயது உச்சவரம்பு இல்லை. தில்லித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் தனியே தேர்வு நடத்துகிறது.

பயிற்சி நிலையங்கள் பெருந்தொகை கேட்கின்றன. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வழி என்ன? மேலே குறித்த பேராசிரியர் ஷம்நாத் பஷீர், ‘இடியா’ என்னும் அமைப்பை 2010இல் நிறுவினார். வாய்ப்புக் குன்றிய மாணவரைத் தேர்ந்தெடுத்து, இத்தேர்வுக்குக் கட்டணமின்றிப் பயிற்றுவிப்பது அதன் பணி. சேர்ந்த பின்னர் ஆகும் செலவையும் பெற்றோர் முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு இலட்சக் கணக்கில் ஆகும். கல்விக் கடனும் உதவித்தொகையும் உண்டெனினும் அவற்றை உறுதி செய்துகொண்டே அடியெடுத்து வைக்கவேண்டும். சமுதாயப் பெரியோர்கள் பள்ளி இறுதியில் வழங்கும் பரிசுத் தொகையில் ஒரு பகுதியை இத்தேர்வின் விண்ணப்பக் கட்டணத்திற்கென ஒதுக்கினால் பேருதவியாகும். நாலாயிரம் ரூபாய் பல வீடுகளில் ஒரு மாதத்துக் குடும்பச் செலவு.

இத்தேர்வில் வெல்லாதவர்க்குச் சட்டக் கல்வியே இல்லை என்று கருதலாகாது. தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையிலேயே ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம், கட்டணமும் குறைவு. நம் கல்லூரியில் பட்டம் பெறுவோர்க்கு மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. அதற்கும் அங்கு நுழைவுத் தேர்வு இல்லை. பெங்களூர்த் தேசியச் சட்டப் பள்ளியும் பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுப் படிப்பை 2022இல் தொடங்கியுள்ளது. அதற்கு அப்பள்ளி நடத்தும் தேர்வில் கட்டுரை வடிவில் விடையெழுதும் பகுதியும் உண்டு. எழுத்தாற்றல் மிக்க இலக்கிய மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளலாம். முதற்கண் கூறிய மாணவரும் அரசுச் சட்டக் கல்லூரியொன்றில்தான் சேர்ந்தார். இப்போது நான்காம் ஆண்டு பயில்கிறார்.

2020க்குப் பிற்பட்ட வினாத்தாள்களை அவரே தொகுத்து எம் துறை நூலகத்திற்கு அளித்துள்ளார். வெள்ளிக்கிழமை தவிர்த்த மற்றை வேலை நாள்களில் மாலை நான்கு மணிக்கு மேல் வந்து பார்க்கலாம். அருகிலுள்ள பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவர்களும் தத்தம் ஆசிரியரின் குறிப்புக் கடிதத்துடன் வரலாம்.