கொல்லிமலையில் மிளகுச் சாகுபடி
மலைக்குடிகளின் நிலையும் இனிச் செய்யத்தக்கனவும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பாகமாகிய கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாய்ப் பரந்து கிடக்கிறது. அடிவாரமாகிய காரவள்ளியினின்றும் மேலே செல்லும் பாட்டை 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே சோளக்காட்டை அடைகிறது. மலைக்கு வருவோரிற் பெரும்பாலார் அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் கண்டு திரும்பிவிடுவர். வல்வில் ஓரி ஆண்ட மலை என்னும் பெருமையும் இதற்குண்டு. ஆயினும் விவசாயிகள் கண்டறிய வேண்டுவது, பாட்டையினின்றும் சற்று விலகி உள்ளே நடந்தால் ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் மரத்தைப் பற்றி ஏறி நிற்கும் மிளகுக் கொடிகளையே ஆகும்.

இங்கு வசிப்போர் மலையாளி என்று வழங்கப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டு இவர்களைக் கேரள தேசத்தார் என்று எண்ணலாகாது. இவர்கள் பேசுவது தமிழே. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்றிவ்வாறு மலை முழுவதும் நாடுகளாகப் பிரிந்துள்ளது. நாடு என்ற சொல் பெரிதாயினும் ஒரு குடும்பத்தின் நிலம் பெரும்பாலும் சிறிதே. பள்ளத்தில் ஓடை நீர் தேங்குமிடத்தில் நெல்லும், சரிவில் புன்செய்ப் பயிரும், வீட்டையொட்டிப் பலா, வாழை, காப்பி, மிளகும் என்பதே இவர்களது பழைய முறை.

அம்முறை கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. முன்னர் சரிவுகளெல்லாம் சாமையும் தினையும் கேழ்வரகுமாக இருந்தன. சேலம் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகள் பெருகவே, மரவள்ளி மலையேறியது. அதற்கு மலைமக்களைக் குறை கூறுவதற்கில்லை. சாமையை உரலிலிட்டுக் குத்தி உமி நீக்குவது பெண்மக்களுக்கு எவ்வளவு கடினமான வேலை என்பதைக் குத்திப் பார்த்தவரே அறிவர். மரவள்ளியோ பிடுங்கிய அன்றே ரொக்கமாகிறது. ஆனால் சரிவான நிலத்தில் ஆண்டுதோறும் கிழங்கைப் பிடுங்குவதால் மண் இளகி, அடுத்த மழையில் மேல்மண் அடித்துச் செல்லப்படுகிறது. எல்லாரும் ஒரே காலத்தில் பிடுங்குவதால் விலையும் ஆலைக்காரர் வைத்ததே விலையாகிறது. சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானிய விதைகளைக் காப்பதிலும், ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை அமைப்பதிலும் முயன்று வந்துள்ளனர். உரல் வேலை குறைந்தாலன்றிச் சாமை திரும்பாது என்று அவர்கள் கண்டது மிகவும் சரியே.

நிற்க. நிலத்தைக் கிளறாமலே ரொக்கம் தரும் பயிர் ஒன்று வேண்டுமாயின் இம்மலையில் அது மிளகேயாகும். கொடி ஒருமுறை நிலைத்துவிட்டால் நன்கு பராமரிப்பவர்க்கு இருபது ஆண்டுகள் வரை பலன் தரும். சில்வர் ஓக் மரத்தில் கொடியும் அதன் நிழலில் காப்பியும் வளர்கின்றன. மரத்தின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. முள்முருங்கையையும் படர்மரமாக வைப்பதுண்டு. ஆனால் 2005-ஆம் ஆண்டை ஒட்டித் தென்னிந்தியாவில் தோன்றிய ஒருவகைக் குளவி அம்மரத்தின் இலைகளில் முடிச்சுகளை உண்டாக்கிப் பல இடங்களில் மரத்தையே அழித்துவிட்டபடியால், அதை மட்டும் நம்பிப் புதுத் தோட்டம் போடுவது உசிதமன்று. கேரளத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுபிடித்த பன்னியூர்-1 என்னும் ஒட்டுவகை நீண்ட சரமும் பருத்த மணியும் உடையது. எனினும் அடர்ந்த நிழலை விரும்பாது. நிழல் மிகுந்த இடங்களுக்குக் கரிமுண்டா ஏற்றது. கொடியை மரத்தின் வடபுறத்தில், மரத்தினின்றும் ஓர் அடி தள்ளி, மழை தொடங்கியதும் நட வேண்டும். மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் காய்ப்பு தொடங்கும்.

மிளகுக்காரர் அஞ்ச வேண்டியது வாடல் நோயே. பைட்டோப்தோரா என்னும் பூசணத்தால் உண்டாகும் இது, நேற்றுப் பசுமையாயிருந்த கொடியைச் சில நாட்களில் இலை கருகி உதிர்ந்து நிற்கும்படி செய்துவிடும். நோய் வந்த கொடியைக் காப்பாற்றுதல் அரிது. வருமுன் காப்பதே வழி. தூரில் நீர் தேங்காமல் வடிகால் எடுப்பதும், இறந்த கொடியை வேரோடு களைந்து எரிப்பதும், மர நிழலை மழைக்கு முன் கழித்துக் காற்றோட்டம் தருவதும் முதற் கடமைகளாம். இவற்றிற்குப் பணச் செலவு சொற்பமே. அடுத்து, மழை பிடிக்குமுன் ஒருமுறையும் ஆகஸ்டு, செப்டம்பரில் மறுமுறையும் ஒரு சதவீதப் போர்டோக் கலவை தெளிக்க வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பை வேறொரு 50 லிட்டர் நீரிலும் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றலாகாது. இரும்புப் பாத்திரம் உதவாது. தீட்டிய கத்தியைக் கலவையில் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியலாகாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை தரும் பூசணத்தைத் தொழு உரத்திலோ வேப்பம் பிண்ணாக்கிலோ பெருக்கித் தூரில் இடுவதும் நற்பலன் தருவதே. ஆனால் அதையும் துத்தக் கலவையையும் ஒரே சமயத்தில் தூரில் இட்டால் துத்தம் அதைக் கொன்றுவிடும். இரு வாரமாவது இடைவெளி வேண்டும்.

நோயினும் அதிகமாக இக்குடிகளை வருத்துவது கொடியிலிருக்கும்போதே விலை பேசிவிடும் வழக்கமாகும். ஆடி, ஆவணியில் கைச்செலவுக்காக முன்பணம் வாங்கியவர், தை, மாசியில் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையசைக்க வேண்டியவராகிறார். வேறு சிலர் பச்சை மிளகாகவே விற்றுவிடுகின்றனர். இதிலுள்ள நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். காம்பு நீக்கிய பச்சை மணி 100 கிலோ காய்ந்தால் ஏறக்குறைய 33 கிலோ மிளகாகும். காய்ந்த மிளகு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 19,800 ரூபாய். அதே பச்சையைக் கிலோ 150 ரூபாய்க்குக் கொடுத்தவர் பெறுவது 15,000. சில நாள் வெயிலில் பரப்பிக் கிளறிய கூலி 4,800 ரூபாய் என்றால், அக்கூலியை வியாபாரிக்கு ஏன் விடவேண்டும்?

சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் பறித்து, மணிகளை உதிர்த்து, கூடையிலிட்டுக் கொதிநீரில் ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுத்தால் விரைவில் காய்வதோடு ஒரே சீரான கரு நிறமும் கிட்டும். சாணம் மெழுகிய களத்தில் மண்ணும் தூசியும் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான தார்ப்பாய் அல்லது சிமெண்டுக் களமே தக்கது. ஈரம் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேற்படாமல் காய்ந்த மிளகைத்தான் மூட்டையில் கட்டிவைக்கலாம். காயாததைக் கட்டினால் பூசணம் பிடித்து, நல்ல சரக்கின் பெயரையும் கெடுக்கும்.

விலை எப்போதும் ஒரே நிலையில் இராது. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் கிலோ 700 ரூபாயை எட்டிய மிளகு, அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய அதிற் பாதிக்கு வீழ்ந்தது. வியட்நாமின் பெருவிளைச்சலும் இலங்கை வழியாக வந்த இறக்குமதியும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இந்திய அரசாங்கத்தார் 2017 டிசம்பரில் இறக்குமதிக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை விதித்தனர். ஆகையால் மிளகு ஒன்றையே நம்பிச் சாமைக் காட்டையும் மாற்றிவிடச் சொல்வது தகாது. வீட்டுக்கு வேண்டிய தானியத்துக்கு நிலம் ஒதுக்கி, மரவள்ளி நிற்கும் மிகச் சரிவான துண்டுகளை மட்டும் முதலில் மரமும் கொடியுமாக மாற்றுதல் பொருந்தும். கொடி காய்க்கும்வரை அத்துண்டின் வருமானம் குறையுமாதலால், ஒரே ஆண்டில் முழுவதையும் மாற்றாமல் பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும். விலை வீழ்ந்த ஆண்டில் படர்மரத்தை வெட்டி மரக்காரனுக்கு விற்பவர், விலை ஏறும் ஆண்டில் மீண்டும் முதலாம் ஆண்டுக் கொடியோடு நிற்பார்.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கவையும் உண்டு. நில உரிமைச் சான்றுகளைத் தாமதமின்றி வழங்கினால் குடிகள் வியாபாரியிடம் போகாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெறுவர். பத்து வீட்டாருக்குப் பொதுவாக ஒரு சிமெண்டுக் களமும், ஒரு தராசும், தெளிகருவி ஒன்றும் இருந்தாலே பெரிய உதவியாகும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் மே மாதக் கடைசிக்குள் மலைமேல் வந்து சேரவேண்டும். மழை பிடித்தபின் வரும் துத்தம் அந்த ஆண்டின் முதல் தெளிப்புக்கு உதவாது.