பழைய காரின் பெட்ரோல் டாங்க்: கழற்றுவதும் மாட்டுவதும்

மும்பைக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் மோட்டார் பணிமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நம் சங்க அன்பர்களின் வீட்டுப் பிள்ளைகளில் சிலருக்குப் பழைய கார்களின் மீது இப்போது தனிப் பிரியம் வந்திருக்கிறது. "மாமா, டாங்க்கை நாமே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் முறை தெரிந்து செய்ய வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் உள்ள பார்சி நண்பர் ஒருவரின் 1968-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் அண்மையில் இந்த வேலையைச் செய்தேன். அதையே உதாரணமாக வைத்து விளக்குகிறேன்.

எம்.ஜி.பி. இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. 2019 முதல் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் எம்.ஜி. கார்களுக்கும் அதற்கும் பெயர்தான் ஒற்றுமை. 2021-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த இத்தகைய கார்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். அன்றாடம் ஆபீசுக்கு ஓட்டக் கூடாது. ஆகவே இவை மாதக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். நிற்கும் காரின் டாங்க்தான் முதலில் கெடுகிறது.

ஏன் கெடுகிறது? எம்.ஜி.பி.யின் டாங்க் டிக்கியின் தரைக்கு அடியில் ஒட்டினாற்போல் மாட்டப்பட்டிருக்கிறது. 1965 வரை வந்த கார்களில் அது பட்டைகளில் தொங்கியது. 10 காலன் பிடிக்கும். பிறகு வந்தவற்றில் விளிம்பைச் சுற்றி போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். 12 காலன், அதாவது சுமார் 54 லிட்டர். டாங்க்கின் மேல்பக்கத்துக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே உள்ள சந்தில் சேறும் மழைத் தண்ணீரும் தங்கிவிடும். நம் மும்பை மழையும் கடற்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அடியில் படுத்துப் பார்த்தால் டாங்க் பளிச்சென்று இருக்கும், மேல்பக்கம் சல்லடையாகியிருக்கும். டாங்க்கை நிரப்பிய அன்று மட்டும் பெட்ரோல் நெடி அடிக்கிறது, பாதியாகக் குறைந்ததும் நின்றுவிடுகிறது என்றால் ஓட்டை மேலே இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் படிப்படியாக, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பல மாதம் நின்ற காரில் அந்தத் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கித் துருவை வளர்க்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் எத்தனாலைத் தாங்கச் செய்தவை அல்ல. ஊறி, மெத்தென்றாகி, வெடித்துவிடும்.

வேலையில் இறங்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நிறைந்த டாங்க்கைவிடக் காலி டாங்க்தான் ஆபத்து. எரிவது திரவம் அல்ல, அதன் ஆவி. காற்றில் சுமார் ஒன்றரை முதல் ஏழரை சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டாங்க்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டாங்க்கிலோ இந்தக் கலவை சேர இடம் தாராளம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தங்கும். ஆகவே அடுக்ககத்தின் நிலவறை கார் நிறுத்தத்தில் இந்த வேலை கூடவே கூடாது. திறந்த வெளியில், பகலில் செய்யுங்கள். ஊதுபத்தி, கொசுவர்த்தி, சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம். உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

இனி கழற்றும் முறை. முந்தின நாளே போல்ட்டு, நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள். மறுநாள் முதல் வேலை, பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றுவது. இந்தக் காரில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். 1974-க்குப் பிறகுதான் ஒரே 12 வோல்ட் பேட்டரி வந்தது.

அடுத்தது பெட்ரோலை வடிப்பது. டாங்க்கின் அடியில் வடிகால் திருகு இருக்கும். மாற்று டாங்குகள் சிலவற்றில் இராது, அப்போது கைப்பம்பு வைத்து எடுக்க வேண்டும். வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நுரையீரலுக்குள் சிறிது போனாலும் உயிருக்கு ஆபத்து. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் விற்பனைக்கு அல்லாமல் ஓரிடத்தில் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைத்திருக்கக் கூடாது. உலோகக் கலம் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மிகக் கூடாது. ஆகவே காரை முன்கூட்டியே ஓட்டிப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஐந்து லிட்டர் மிஞ்சினால் போதும்.

பிறகு முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். அளவு காட்டும் மிதவைக் கருவியின் ஒயர்களைக் கழற்றி, எது எது என்று சீட்டு கட்டிவையுங்கள். பெட்ரோல் பம்புக்குப் போகும் குழாயையும், பெட்ரோல் ஊற்றும் வாய்க்குழாயின் கிளிப்புகளையும் கழற்றுங்கள். பெரிய ஜாக்கியின் மேல் பலகை வைத்து டாங்க்கைத் தாங்கிக்கொண்டு, சுற்றிலும் உள்ள போல்ட்டு, நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மெல்ல இறக்குங்கள். பிடிவாதம் பிடிக்கும் நட்டுக்கு இன்னும் ஒரு நாள் எண்ணெய் கொடுங்கள். காஸ் சுடரோ பொறி பறக்கும் அறுவை இயந்திரமோ அங்கே வரக் கூடாது. மிதவைக் கருவியின் பூட்டு வளையத்தைத் திருகவும் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள். இரும்போடு இரும்பு மோதினால் பொறி எழும்.

டாங்க் கையில் வந்ததும் மேல்பக்கத்தைத் திருப்புளிப் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்லது. 'பொத்' என்றால் தகடு போய்விட்டது. ஓட்டை சிறிதுதானே, வெல்டிங் வைத்துவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், நம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பையன் ஒருவன், இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசிய டாங்க்கில் வெல்டிங் வைத்தான். தகட்டு மடிப்பிலும் துருவிலும் ஒளிந்திருந்த பெட்ரோல், சூடு பட்டதும் ஆவியாயிற்று. உயிர் பிழைத்தான், வலது கை விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. டாங்க் வெல்டிங் என்பது முறையாக நீராவி செலுத்திச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களின் வேலை. மேல்பக்கம் பலவீனமாகிவிட்டால் புது டாங்க் வாங்குவதே லாபம். இந்த மாடலுக்கு இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

மாட்டும்போது கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்பார்கள். அது பாதி உண்மைதான். முதலில் டிக்கித் தரையின் அடிப்பக்கத் துருவைச் சுரண்டி வண்ணம் பூசுங்கள். டாங்க்கின் மேல்பக்கத்துக்கும் இரண்டு பூச்சு கொடுங்கள். மாட்டியபின் தூரிகை அங்கே போகாது. பழைய ரப்பர் வளையம், குழாய், கிளிப் எதையும் திரும்பப் போடாதீர்கள். குழாய் வாங்கும்போது எத்தனால் தாங்கும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 தரம் என்று கேட்டு, அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மிதவை தடங்கலின்றி ஏறி இறங்குகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். எல்லா நட்டுகளையும் கையால் பிடிக்க வைத்தபின், எதிரெதிராகச் சமமாக முடுக்குங்கள். மிதவைக் கருவியின் எர்த் ஒயரை மறந்தால் முள் அசையாது.

முடிவாகச் சோதனை. ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்து, இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்புங்கள். பின்சக்கரத்தின் அருகே உள்ள எஸ்.யூ. மின்பம்பு 'டிக் டிக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் ஓயும். ஓயாமல் அடித்தால் எங்கோ கசிவு, அல்லது காற்றை இழுக்கிறது. உடனே அணைத்துவிட்டுத் தேடுங்கள். பிறகு டாங்க்கை முழுக்க நிரப்பி ஒருமுறை பாருங்கள். மேல்பக்க ஓட்டை அப்போதுதான் தெரியும்.

இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை இது. தனியாகச் செய்யாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். ஐயம் இருப்பவர்கள் சங்க நூலகம் திறந்திருக்கும் மாலைகளில் என்னைப் பார்க்கலாம். தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கிறேன்.