ஊராரின் மின்சாரத்தை வாங்குவது யார்?

இரத்தினபுரி, கேகாலை, மாத்தறை, நுவரெலியா மாவட்டங்களின் மலைக்கிராமங்கள் பலவற்றை அரச மின்கம்பிகள் நெடுங்காலம் எட்டிப்பார்க்கவில்லை. அக்கிராமத்தவர்கள் தம்மூர் ஓடைகளை மறித்து, சிரமதானமாக வாய்க்கால் வெட்டி, குழாய் இறக்கிச் சிறு நீர்மின் நிலையங்களை அமைத்துக்கொண்டனர். 1997 இலும் 2002 இலும் உலக வங்கியின் உதவியுடன் ஆரம்பிக்கப்பட்ட திட்டங்கள் இம்முயற்சிக்குக் கைகொடுத்தன. மின்சாரப் பாவனையாளர் சங்கம் என்ற பெயரில் நிலையத்தின் உரிமை ஊராரிடமே இருந்தது. வீடொன்றுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 200 வோட் மாத்திரமே. ஆயினும் அது அவர்களது சொந்த மின்சாரம்.

பின்னர் தேசிய மின்வழங்கல் அங்கும் சென்றது. அது வரவேற்கத்தக்கதே. குளிர்சாதனப் பெட்டி வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு 200 வோட் எப்படிப் போதும்? ஒவ்வொரு வீடாகச் சங்கத்தை விட்டு விலகியது. சந்தாப் பணம் குறைந்தது. பழுதுபார்க்க வழியின்றி நிலையங்கள் பல கைவிடப்பட்டன. ஓடையோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இம்மின்சாரத்தைத் தேசிய கட்டமைப்புக்கே விற்றால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுகின்றது. 20 கிலோவோட் நிலையம் ஒன்று சராசரியாகப் பாதி வலுவில் இயங்கினாலும் ஆண்டுக்கு 87,600 அலகுகள் கிடைக்கும். 10 மெகாவோட்டுக்கு உட்பட்ட தனியார் நீர்மின் நிலையங்களிடமிருந்து நியம ஒப்பந்தத்தின் கீழ் மின்சாரம் வாங்கும் முறை 1990 களிலேயே இங்கு வந்துவிட்டது. கூரையில் சூரியகலம் பொருத்திய வீட்டுக்காரர் தமது மிகை மின்சாரத்துக்குப் பணம் பெறும் வழி 2016 இல் திறந்தது. கம்பனிக்கும் தனி வீட்டுக்கும் திறந்த கதவு, இடையிலிருக்கும் ஊர்ச் சங்கத்துக்கு மாத்திரம் எளிதில் திறக்கவில்லை. பரீட்சார்த்தமாக ஒரு சில நிலையங்கள் இணைக்கப்பட்டதோடு விடயம் நின்றுவிட்டது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பிரதான வழங்கல் துண்டிக்கப்பட்ட வேளையில் ஊர் நிலையம் கம்பியில் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டிருந்தால், கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. உடனே தன்னைத் துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்புக் கருவி கட்டாயம் வேண்டும். 5 மெகாவோட் கம்பனிக்கு அது சில்லறைச் செலவு; 10 கிலோவோட் சங்கத்துக்கோ பெருஞ்சுமை. எனினும் நேபாளத்தின் நுவாகோட் மாவட்டத்தில் 23 கிலோவோட் வலுவுடைய ஸ்யாவுரேபூமி கிராம நிலையம் 2018 இல் அந்நாட்டு மின்சார அதிகாரசபையின் கட்டமைப்புடன் இணைக்கப்பட்டது. ஆகவே இது செய்ய முடியாத காரியமன்று.

வாங்கும் கடப்பாட்டைச் சட்டமே விதிக்கலாம் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கு 1930 களில் கிராமிய மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோது, அவற்றின் எல்லைக்குள் வருமானம் தரும் வீடுகளை மாத்திரம் தேடிக் கம்பி இழுத்த தனியார் கம்பனிகளும் இருந்தன. ஊரார் அவற்றுக்கு 'வன்மக் கம்பிகள்' என்று பெயரிட்டார்களாம்! 1978 ஆம் ஆண்டுச் சட்டமோ, தகைமை பெற்ற சிறு உற்பத்தியாளர்களின் மின்சாரத்தை மின்வழங்கு நிறுவனங்கள் வாங்கியே தீரவேண்டும் என்றது. அதே அலகைத் தானே உற்பத்தி செய்ய அல்லது வேறிடத்தில் வாங்க நிறுவனத்துக்கு எவ்வளவு செலவாகுமோ, அதனடிப்படையில் விலை அமையும். விற்பவர் கூட்டுறவா கம்பனியா என்பது அங்கு பொருட்டல்ல.

எமது நாட்டில் 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மின்சாரம் பிறப்பிக்கவும் விநியோகிக்கவும் உரிமமோ விலக்களிப்போ தேவைப்பட்டது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டமும் 2025 ஆம் ஆண்டுத் திருத்தமும் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளிடம் கையளிக்க வழிசெய்துள்ளன. புதிய ஒப்பந்தங்களும் ஒழுங்குவிதிகளும் வகுக்கப்படும் இவ்வேளையில், 100 கிலோவோட்டுக்கு உட்பட்ட சங்கங்களுக்கெனத் தனியான எளிய ஒப்பந்தம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு நாம் கோருகின்றோம். பாதுகாப்புக் கருவிக்கான செலவை வாங்கும் கம்பனி முதலில் ஏற்று, மின்கட்டணக் கொடுப்பனவிலிருந்து தவணையாகக் கழித்துக்கொள்ளலாம்.