ஜூரோங் கடலில் ஏன் பெரிய அலை இல்லை?

பிள்ளைகளே, ஜூரோங் ஈஸ்ட் நீச்சல் வளாகத்தில் அலைக்குளம் இருக்கிறது. அலை வந்ததும் ஆளையே தூக்கி இறக்கும். ஆனால் சற்றுத் தள்ளியிருக்கும் நிஜக் கடலில் சறுக்கி விளையாடும் அளவுக்கு அலை எழுவதில்லை. சிங்கப்பூர்த் தீவில் வாழ்கிறோம், அலை மட்டும் இல்லை! ஏன்?

அலையை எழுப்புவது காற்று. அது எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் தடையில்லாமல் நீர்மேல் வீசுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். நம் கடலான சிங்கப்பூர் நீரிணையின் அகலம் சுமார் 16 கிலோமீட்டர்தான். மேற்கே சுமத்ரா, வடக்கே மலேசியா, தெற்கே இந்தோனேசியத் தீவுகள். அலை ஓடி வளரப் போதிய இடம் இல்லை.

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் கதை வேறு. எதிரே வங்கக் கடல், அதற்கும் தெற்கே இந்தியப் பெருங்கடல். எங்கோ தொலைவில் புயல் எழுப்பிய அலைகூட அங்கே வந்து சேரும். அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் அலைச்சறுக்கைத் தாமே பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். கட்டுமரத்தில் அலை தாண்டிப் பழகிய ஊருக்கு அலையின் குணம் புதிதா என்ன!

அலை வந்து சேரும் என்றேனே, தண்ணீர் அவ்வளவு தூரம் வருவதில்லை. ஆழக் கடலில் மிதக்கும் தேங்காயைப் பாருங்கள். அலை வரும்போது ஏறி முன்னே போகும், கடந்ததும் இறங்கிப் பின்னே வரும். கிட்டத்தட்ட ஒரு வட்டம். பயணம் செய்வது ஆற்றல். கரை நெருங்கி ஆழம் குறைந்தால் அலையின் வேகம் குறையும், உயரம் கூடும். ஒரு மீட்டர் உயர அலை, ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் தலைகுப்புறக் கவிழ்ந்து வெண்நுரையாகும். இப்போதுதான் தண்ணீரே கரையை நோக்கிப் பாய்கிறது.

அலைச்சறுக்கைப் புதிதாகக் கற்பவர்களுக்கு அந்த நுரைதான் முதல் வகுப்பு. நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். அகலமான, மென்மையான சறுக்குப்பலகை நிறைய நீரை விலக்குவதால் நன்றாக மிதக்கும். அதில் முன்தள்ளிப் படுத்தால் மூக்கு நீருக்குள் குத்தும். பின்தள்ளிப் படுத்தால் வால் அமிழ்ந்து வேகத்தைக் கெடுக்கும். நடுவில் படுத்துக் கைகளால் துழாவுங்கள். நுரை தள்ளியதும் கையூன்றி எழுந்து, முழங்காலை மடக்கி நில்லுங்கள். உடலின் எடை மையம் தாழ்ந்தால் தள்ளாட்டம் குறையும்.

முதல் நாள் பலமுறை விழுவீர்கள். தலையைக் கையால் காத்துக்கொண்டு, தட்டையாக விழுங்கள்; அடியில் மணல் பக்கத்திலேயே இருக்கும். பலகை தொலைந்துபோகாது, கணுக்காலில் கயிறு கட்டியிருக்கிறதே. இழுத்து எடுத்து, ஏறிப் படுத்துக்கொண்டு, பின்னால் அடுத்த அலை வருகிறதா என்று திரும்பிப் பாருங்கள்.