ஏப்ரல் முதல் நாள்: ஏமாறும் நாளா, எல்லை மாறும் நாளா?

ஏப்ரல் மாதம் முதல் தேதி என்றவுடன் நம் வீட்டுச் சிறுவர்களின் நினைவுக்கு வருவது முட்டாள்கள் தினந்தான். சட்டையில் மை தெளிப்பதும், இல்லாத பூச்சியை முதுகில் காட்டுவதும் அன்றைய வாடிக்கை. ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது வெறும் விளையாட்டு நாளன்று. சித்தூர் ஜில்லா பிறந்ததும் அன்றே. அதன் ஒரு பகுதி பிரிந்து சென்றதும் அன்றே.

1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமனேர், திருப்பதி முதலிய பகுதிகளையும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியவற்றையும் சேர்த்துப் புதிய ஜில்லாவை அமைத்தனர். அன்று எல்லாம் சென்னை மாகாணமாகவே இருந்தமையால், அக்கோடு காகிதத்தில் மட்டுமே கிடந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர இராஜ்யம் தோன்றியபோதோ அதுவே இராஜ்ய எல்லையாயிற்று. வடக்கெல்லைக்காக ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் பாடுபட்டனர். பின்னர்ப் படாஸ்கரின் தீர்ப்பை ஒட்டி 1959இல் சட்டம் இயற்றப்பெற்று, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுக்காவின் பெரும்பகுதி சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தது. மாற்றாகச் செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன.

இத்தனையும் ஒரே தேதியில் நிகழ்ந்தது தற்செயலா? அன்று. 1867 முதல் இந்திய சர்க்காரின் கணக்காண்டு ஏப்ரல் முதல் நாளில் தொடங்குகிறது. வரியையும் கஜானாவையும் கைமாற்ற அதனினும் வசதியான நாள் வேறில்லை. ரிசர்வ் பாங்கு 1935இல் அலுவல் தொடங்கியதும், பர்மா 1937இல் இந்தியாவினின்று பிரிந்ததும் அதே தேதியில்தான். மார்ச் 31 இரவு கணக்கு முடிக்கும் எம்போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இதன் பொருத்தம் எளிதில் விளங்கும்!

1957 ஏப்ரல் 1இன் கதை இன்னும் சுவையானது. அன்று லண்டன் பி.பி.சி. தொலைக்காட்சி, சுவிட்சர்லாந்தில் ‘ஸ்பகெட்டி’ என்னும் இத்தாலியச் சேமியா மரத்தில் காய்ப்பதாகக் காட்டிற்று. அம்மரத்தை வளர்ப்பது எவ்வாறு எனப் பலர் கேட்டனராம்! அதே நாளில் இந்தியாவில் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. ஓரணாவுக்கு 6 நயா பைசா, மூன்றணாவுக்கு 19. ஓரணாப் பண்டத்தை மூன்று முறை தனித்தனியே வாங்கினால் 18. ஒருசேர வாங்கினால் 19! இது விளையாட்டன்று, சர்க்கார் கணக்கே.

இனி நம் கதைக்கு வருவோம். திருத்தணியில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பாட்டனார் பிறந்தது வட ஆர்க்காடு; தந்தையார் படித்தது சித்தூர் ஜில்லா; மகன் வேலைக்குச் சென்றது செங்கற்பட்டு ஜில்லா; 1997 முதல் அதே வீடு திருவள்ளூர் மாவட்டம். அடுப்பு நகரவில்லை, எல்லை நகர்ந்தது. பிழைப்புக்காக இங்கு வந்த நம்மைப்போலன்றி, இம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருந்துகொண்டே வேற்று மாநிலத்தவரான தமிழரும் நம்மிடையே உளர். அவர்களை ‘வந்தவர்’ என்பது பொருந்துமா?

2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஏப்ரல் 4 அன்று. மூன்றே நாளில் முதல் தேதி தப்பிவிட்டது! ரேணிகுண்டாவினின்று புத்தூர், ஏகாம்பரகுப்பம், திருத்தணி வழியாக அரக்கோணம் செல்லும் வண்டியோ எந்தக் கோட்டையும் பொருட்படுத்துவதில்லை. பயணிகள் பாதி வழி தெலுங்கும் பாதி வழி தமிழும் பேசிச் செல்கின்றனர்.

அன்பர்களே, வீட்டுப் பெட்டியில் உறங்கும் பழைய பத்திரங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றில் எழுதியுள்ள ஜில்லாவின் பெயரைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். பள்ளியில் தெலுங்கு செவ்வனே கற்கட்டும். வீட்டில் தமிழ் எழுதப் படிக்கப் பழகட்டும். கோட்டை மாற்றச் சட்டம் வேண்டும். மொழியைக் காக்க நாள்தோறும் அரைமணி நேரம் போதும்.