கொல்லைப்புறத்தில் பறவைக்கும் தேனீக்கும் இடம்

ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு, சுற்று வட்டாரத்தில் ஆலைகளும் வீட்டு மனைகளும் பெருகிவிட்டன. வயலோரத்து உயிர்வேலிகளும் பழைய மரங்களும் குறைந்து வருகின்றன. அதனால் பூச்சி பிடிக்கும் பறவைகளும் தேனீக்களும் இடமிழக்கின்றன. ஐந்து சென்ட் கொல்லை உள்ள சிறு விவசாயியும் இவற்றுக்கு இடம் கொடுக்கலாம்.

வேலிக்கு நொச்சி, ஆடாதொடை ஏற்றவை. ஆடு, மாடு இவற்றைக் கடிப்பதில்லை. மழை தொடங்கியதும் போத்து நட்டால் வேர் பிடித்துவிடும். பூக்களை நாடித் தேனீக்கள் வரும். உண்ணிச்செடியை மட்டும் வேலிக்கு வைக்கக் கூடாது. அது பரவிய இடத்தில் புல் முளைக்காது.

முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டும் தேனீயும் வரும். எலுமிச்சை, கறிவேப்பிலையில் காணும் புழுக்கள் வண்ணத்துப்பூச்சியாக மாறக்கூடியவை. மரம் வளர்ந்திருந்தால் இவற்றால் பெரும் சேதமில்லை. தையல்சிட்டு புழுக்களைப் பொறுக்கித் தின்னும்.

கிருஷ்ணகிரி மா விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாம்பூவில் மகரந்தச் சேர்க்கை ஈக்களாலும் தேனீக்களாலும் நடைபெறுகிறது. தத்துப்பூச்சிக்கு மருந்து தெளிப்பதானால் பூ விரியுமுன் தெளிக்க வேண்டும். பூ நன்றாக விரிந்த சமயத்தில் தெளித்தால் இவை மடிந்து, காய்ப்பிடிப்பு குறையும்.

பொந்துள்ள பழைய மரத்தை வெட்டாமல் விட்டால் கூகை தங்கும். அதன் முக்கிய இரை எலி. கூகை அலறுவது அபசகுனம் என்று விரட்டுவது நமக்கே நஷ்டம். எலிக்கு விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்னும் கூகையும் சாக நேரிடும்.

அகன்ற மண்தட்டில் தண்ணீர் வைத்து, நடுவில் ஒரு கல்லைப் போட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றினால் கொசு பெருகாது.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை போன்ற காட்டோரப் பகுதிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ராகி முற்றும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைகள் இப்பக்கம் வருவதுண்டு. பலா, வாழை இரண்டும் யானைக்குப் பிரியமானவை. வீட்டையொட்டி இவற்றை வைக்காமல், புங்கன், வேம்பு வளர்ப்பது நல்லது. அறுத்த ராகியையும் வீட்டு வாசலில் குவித்து வைக்கக் கூடாது. யானை வந்துவிட்டால் நாமே விரட்ட முயலாமல் உடனே வனத்துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.