கண்ணின் நடுவே தேங்கும் நீர்

காலையில் செய்தித்தாளை விரிக்கும்போது ஒரு கண்ணுக்கு மட்டும் எழுத்துகள் கலங்கித் தோன்றினால் என்ன செய்வீர்கள்? வலியில்லை, சிவப்பில்லை. அநேகர் பவர் கூடிவிட்டது என்று எண்ணிப் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். ஐம்பது வயதைக் கடந்து, இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு இப்படி நேரிட்டால் விழித்திரையின் சிரை ஒன்று அடைபட்டிருக்கக்கூடும். தாமதியாமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடத்தில் இரண்டும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. இரத்த அழுத்தத்தினால் தமனி தடித்துக் கடினப்படும்போது, அது அருகிலுள்ள மெல்லிய சிரையை நெரிக்கிறது. அங்கே இரத்தம் உறைகிறது. இது கிளைச் சிரையின் அடைப்பு. கண் நரம்பின் வாயிலில் மையச் சிரையே அடைபடுவதும் உண்டு. அது இன்னும் கடுமையானது. எதுவாயினும், வடிய வழியில்லாத இரத்தத்திலிருந்து நீர் கசிந்து மாகுலாவில் தேங்குகிறது. எழுத்தை வாசிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் விழித்திரையின் நடுவிலுள்ள அந்தச் சிறு பகுதியினாலேயே.

கை நரம்பில் சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராம் படம் 1960-களிலிருந்து வழக்கத்தில் உள்ளது. அது கசிவின் இடத்தைக் காட்டும். தடிப்பை அளந்து சொல்லாது. 1991-இல் அமெரிக்காவில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் வெளியிட்ட ஓ.சி.டி. முறை அந்தக் குறையைப் போக்கிற்று. தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால் போதும். அகச்சிவப்பு ஒளி உட்சென்று, விழித்திரையின் அடுக்குகளில் பட்டுத் திரும்பி, வெட்டிப் பார்த்ததுபோன்ற படத்தைத் தருகிறது. ஊசியில்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. மாகுலாவின் மையம் சாதாரணமாகக் கால் மில்லிமீட்டர், அதாவது 250 மைக்ரான் அளவில் இருக்கும். வீங்கிய கண்ணில் அது 500, 600 என்று ஏறுவதுண்டு. தேங்கிய நீர் படத்தில் கறுப்புக் குமிழ்களாகத் தெரியும்.

சிகிச்சை பெரும்பாலும் கண்ணுக்குள் போடப்படும் ஊசிமருந்தே: ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட், பெவசிசுமாப். இவற்றில் பெவசிசுமாப் புற்றுநோய்க்கென உண்டான மருந்து. சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்துவதால் விலை மிகவும் குறைவு. செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையையே விட்டுவிடுவதைப் பார்க்கிலும் இதைக்குறித்து மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பது நல்லது.

ஆனால் பிரியமானவர்களே, இரண்டு மூன்று ஊசிகளில் பார்வை தெளிந்தவுடன் அநேகர் நின்றுவிடுகிறார்கள். மருந்தின் வேகம் தணிந்ததும் நீர் மறுபடியும் ஊறலாம். நீங்கள் உணருமுன்னே ஸ்கேன் அதைக் காட்டிவிடக்கூடும். நெடுநாள் நீரில் ஊறிய ஒளியுணர் செல்கள் சிதைந்தால், பிற்பாடு வீக்கம் வற்றினாலும் பார்வை முழுவதும் திரும்பாது.

வீக்கம் வற்றியதனால் ஆபத்து நீங்கிற்று என்றும் சொல்வதற்கில்லை. நுண்குழாய்கள் பரவலாக மூடியிருந்தால் புதுக்குழாய்கள் முளைத்துக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். தடிப்பின் எண் இதைச் சொல்லாது. அதற்குச் சாயப் படமோ, சாயமில்லாத ஓ.சி.டி. ஆஞ்சியோகிராமோ வேண்டும்.

மும்பையில் சிகிச்சை தொடங்கிவிட்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அங்கே வேறொரு மருத்துவரைப் பார்ப்பது வழக்கந்தானே! ஒரு கம்பெனியின் இயந்திரம் 255 என்று காட்டும் கண்ணை இன்னொன்று 275 என்று காட்டலாம். அவை அளக்கத் தொடங்கும் எல்லைக்கோடுகளே வேறு. பழைய படம் கையில் இல்லாவிட்டால், வீக்கம் கூடியதா, இயந்திரம் மாறியதா என்று புது மருத்துவர் எப்படி அறிவார்? ஆகையால் முதல் ஸ்கேன் முதற்கொண்டு எல்லாத் தாள்களையும், ஊசி போட்ட தேதிகளோடு, ஒரே உறையில் வைத்துப் பயணப்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள்.

பரிசோதனை நாளில் பாவையை விரிக்கச் சொட்டுமருந்து விடுவார்கள். சில மணிநேரம் கண் கூசும். ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.